வலது பக்கத் திரை

மகன் குரல் கேட்கிறது. முகத்தைக் காணோம்.

"தெரியறேனாம்மா?"

"தெரியுதுப்பா" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

வேறு என்ன செய்வாள்? வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை. கேமரா சரியில்லை, நெட் சரியில்லை என்று மாதக்கணக்கில் சாக்குச் சொன்னவன், இன்றைக்குத்தான் முகம் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தான். தெரியவில்லை என்றால், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வைத்துவிடுவான்.

எல்லாம் அந்த மனுஷனால் வந்தது.

அவள் கணவர் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். இடது திரையில் வரைபடம், வலது திரையில் மற்றதெல்லாம். மகன் அழைத்தாலும் வலது பக்கம்தான் வருவான்; அப்படித்தான் அமைத்து வைத்திருந்தார். ஒரே திரையில் வேலை செய்வது ஒற்றைக் காலில் நிற்பது மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், இன்று காலையில் அந்த வலது திரையைக் கழற்றிப் போர்வையில் சுற்றினார்.

"ஆபீஸ்ல திருப்பிக் கேக்கறாங்க. ஒண்ணே போதும், கவனம் சிதறாது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒயரையும் அதன் குட்டிப் பெட்டியையும் செருகியபடியே விட்டுவிட்டு, ஆபீசுக்கு பஸ் பிடிக்கப் போயிருந்தார். கம்ப்யூட்டருக்கு விஷயம் தெரியவில்லை போலும். பிள்ளையை இன்னும் இல்லாத திரைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

மவுஸை இழுத்தாள். அம்புக்குறி வலது ஓரம் வரை ஓடி, அதற்கப்பால் மறைந்துபோனது. மறுபடி இழுத்தாள். மறுபடி மறைந்தது. அழுகை வந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே. எதிரே இடது திரையில், வரைபடத்தில் இருந்த யார் வீட்டு மாடிப்படியையோ பார்த்துச் சிரித்து வைத்தாள்.

"ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறியேம்மா?"

"என்னத்தக் கேக்கறது? அப்படியே இருக்கே. கொஞ்சங்கூட மாறல."

வைத்துவிட்டானோ என்று பயந்தாள்.

"தலையில ஒரு முடி இல்ல, பாதி ஆளாயிட்டேன். அப்பா சொல்லிட்டாராம்மா? ஆஸ்பத்திரியில சேந்தப்பவே, உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேனே."

அவள் வலது பக்கம் திரும்பினாள். வெறும் மேஜை, அதற்கு மேலே ஜன்னல்.

எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார், போர்வை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

பஸ் வந்து நின்றது. கிளம்பிப் போனது.

அவர் எழுந்திருக்கவில்லை.