இடது ஷூவில் பருப்பு

"இடது ஷூவுல ஒரு பிடி பருப்பு போட்டுக்குங்க" என்றாள் நூபியா.

புத்தாண்டுக்கு பேண்ட் பாக்கெட்டில் பருப்பு வைப்பதுதான் பொகோட்டா நகர வழக்கம். "ஷூவுல எவன் போடச் சொன்னான்?" என்றான் கணவன் எவேலியோ.

"தெருவே போடுது! அப்புறம் மூணு தடவை நொண்டியடிச்சா சொந்த வீடு வருமாம். அந்தக் காலத்து ஐதீகமாம்!"

சன்னலுக்கு வெளியே தெருவே நொண்டிக்கொண்டிருந்தது.

போன புத்தாண்டில் எவேலியோ நொண்டி நடக்க, பக்கத்து வீட்டுக்காரர் ஏனென்று கேட்டார். நூபியா தைக்க மறந்த பாக்கெட் ஓட்டை வழியே பருப்பு இடது ஷூவுக்குள் இறங்கியிருந்தது. அவளை விட்டுக்கொடுக்க மனமின்றி, "அதிர்ஷ்டத்துக்கு!" என்று சமாளித்திருந்தான்.

இப்போதும் அவன் அதைச் சொல்லவில்லை. ஷூவில் பருப்பைக் கொட்டி, அவள் தோளைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினான்.

"நல்லா விசாரிச்சியா? மூணு தடவைதானே?"