வலது கட்டைவிரல்

மருமகளின் இடது கையை மாமியார் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகன் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான்.

வாசலருகே அவன் எட்டி உதைத்த பை வாய் பிளந்து கிடந்தது. மாற்றுத் துணியும் துண்டும் சோப்பும் தரையில் சிதறியிருந்தன.

"எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரியில சேர்ற அளவுக்கு வந்தாச்சா?" அவன் மனைவியின் கூந்தலைப் பற்றி முகத்தை மேசை விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"உயிர் போகுதுங்க. மாசக்கணக்கா உதிரம் நிக்கல. கட்டியோட கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியாச்சு. உங்க கால்ல எத்தனை தடவை விழுந்தேன்?"

"எனக்கு ஒரு வாரிசு இல்லாம அதை எடுக்க விட்டுடுவேனா? என் கையெழுத்து இல்லாம ஆஸ்பத்திரிப் படி ஏறிடுவியா நீ?"

ஏறலாம் என்பதுதான் புதுச் சட்டம். இதுவரை மருத்துவக் காப்பீட்டு அட்டை கணவன் பெயரில் இருந்தது. மனைவிக்கு வைத்தியம் என்றாலும் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பெண்களுக்குத் தனி அட்டை. முகாமில் பதிந்த விரலை ஆஸ்பத்திரி மெஷினில் வைத்தால் போதும், யார் தயவும் வேண்டாம்.

"முகாமுக்குக் காவலாத்தானே உன்னைக் கூட அனுப்பினேன்?" என்று தாயிடம் சீறினான். "நல்லா காவல் காத்தே!"

"அட்டை மாத்துறாங்கன்னு சொன்னே, போனேன். பேரையே மாத்துவாங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

மாமியார் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை. வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது என்பதில் கறாரானவள். மருமகள் அடிபட்டு அழுத நாட்களில் ஜன்னலைச் சாத்தியதும் அவள்தான்.

"ரெண்டு கையையும் நொறுக்கிடறேன். அப்புறம் மெஷின்ல இவ எதை வைக்கிறான்னு பாக்கலாம்." சுத்தியலை ஓங்கினான். குறுக்கே வந்தால் பெற்றவள் என்றும் பார்க்காத கை அது.

"புத்தி இருக்காடா உனக்கு?" மாமியாரின் குரல் நடுங்கவில்லை. "ரெண்டும் போனா உனக்கு யாரு பொங்கிப் போடுவா, நானா? அன்னைக்குப் பதிஞ்சது வலது கட்டைவிரல். பக்கத்துல நின்னு பாத்தேன். அதை மட்டும் முடி."

மருமகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அத்தை..."

"வாயை மூடு. இந்தக் குடும்ப மானத்தைக் காப்பாத்த எனக்குத் தெரியும்."

அவன் மனைவியின் வலது கையை இழுத்து மேசைமேல் விரித்தான். துணிக் கம்பெனியில் வருடக்கணக்காக இஸ்திரி போட்டு, சூட்டில் வெந்து வெந்து, கண்ணாடி மாதிரி வழவழத்துப்போன கட்டைவிரல்.

சுத்தியல் இறங்கியது. நகம் பிளந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவள் அலறலுக்கு முன்னால் கேட்டது. மனம் ஆறாமல் அவன் இன்னொரு முறை அடித்தான்.

அவள் துடித்துத் துவண்டு சரிந்தாள். அப்போதும் அந்த இடது கையை மாமியார் விடவில்லை. மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"போதும்டா. போய் ஒரு கட்டாவது போட்டுக்கிட்டு வரோம். சீழ் வெச்சா நாலு பேர் கேப்பாங்க."

"தாராளமா போங்க." அவன் சுத்தியலைத் துடைத்தபடி சிரித்தான். "அப்படியே அந்த மெஷினையும் நான் விசாரிச்சதா சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருந்த பெண் அந்த விரலைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"கதவுல நசுங்கி..." என்று ஆரம்பித்தாள் மருமகள், எப்போதும் போல.

"என் பையன் சுத்தியலால அடிச்சான்," என்றாள் மாமியார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படியே எழுதிக்க. போலீஸ் கேட்டாலும் நான் சொல்றேன்."

கவுன்டர் பெண் அட்டையை வாங்கிப் பட்டியலில் பார்த்தாள். பிறகு தயங்கி, "கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இன்னைக்குத்தான் இவங்க பேர் இருக்கு. ஆனா கட்டைவிரல் இப்படிக் கூழாயிருக்கே, மெஷின் எப்படிப் படிக்கும்?" என்றாள்.

வீட்டிலிருந்து பிடித்த பிடியை மாமியார் அப்போதுதான் தளர்த்தினாள்.

"அந்த விரல்ல ரேகை ஏது? அன்னைக்குப் பதிஞ்ச இடது கையை வைம்மா."