குலுக்கக் கூடாத குப்பி

"குலுக்காதீங்கண்ணே. தயவுபண்ணிக் குலுக்காதீங்க."

நெமேசியோ சொல்லி முடிப்பதற்குள், சாலையை மறித்து நின்ற ரூபென் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்து என்றால் குலுக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று எல்லா இருமல் மருந்துப் புட்டியும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிக்குள் பால்போல் இருந்த மருந்தின் மேல் இப்போது நுரை கட்டியிருந்தது. நெமேசியோ அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். 

கோச்சபம்பா நகரிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் மறியல். பாலம் கட்டித் தருவதாகச் சொல்லியே ஒவ்வொரு மேயரும் ஓட்டு வாங்கிப் போனதால், ஊர்க்காரர்கள் கல்லை உருட்டிச் சாலையை அடைத்துவிட்டார்கள். நேற்று ஓர் ஆம்புலன்ஸுக்குப் பாவம் பார்த்து வழிவிட்டார்கள். அந்த வண்டிக்குள் ஒளித்து மேயர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பீர் போயிருக்கிறது. அதனால் இன்று வந்த ஆம்புலன்ஸை யாரும் நம்பவில்லை. டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்துவிட, நெமேசியோ மட்டும் குப்பியோடு இறங்கி நடந்து வந்தான்.

மறியலுக்குத் தலைவி சாந்துசா. கன்னத்தில் வெற்றிலைபோல் கோக்கா இலையை ஒதுக்கிக்கொண்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுல என்ன இருக்கு?"

"ஒரு குழந்தையோட மூச்சு இருக்குக்கா."

யாரோ சிரித்தார்கள். நெமேசியோ சிரிக்கவில்லை. கோச்சபம்பாவில் டாக்டர் தனக்குச் சொன்னதை அப்படியே அவர்களுக்குச் சொன்னான். மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில், நனைந்த பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வதுபோல, சின்னச் சின்னக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் அவற்றைப் பிரித்துப் பிரித்தே பிஞ்சு ஓய்ந்துபோகிறது. இந்த மருந்தைக் குழாய் வழியாக உள்ளே விட்டால் ஒட்டல் விட்டுப் பைகள் விரியும். ஆனால் சோப்புத் தண்ணீரின் குணம் இதற்கு. குலுக்கினால் நுரைத்துவிடும், ஊசியில் மருந்துக்குப் பதில் காற்றுதான் ஏறும். காலையிலேயே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடாக்கியாயிற்று. இன்றைக்குள் மலைமேல் சான் ஹெர்வாசியோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் வீண். அங்கே வேறு குப்பி கிடையாது.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டாள் சாந்துசா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"பொண்ணு. உள்ளங்கையில அடங்கிடுவா."

"அம்மாக்காரி?"

"படுத்திருக்கா. நான் இப்படிக் கிளம்பினதே அவளுக்குத் தெரியாது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கல்லை நகர்த்தலாமா என்று பேச்சு வந்தது. நகர்த்தினால் பின்னால் நிற்கும் லாரிகள் எல்லாம் பாய்ந்துவிடும், பாலம் இந்த ஜென்மத்துக்கு வராது என்றான் ரூபென். அதுவும் நியாயம்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளில் போகலாம் என்றால், அந்தச் சாலையில் மருந்து மோராகிவிடும் என்று நெமேசியோ பயந்தான். நடந்து போனாலோ பொழுது சாய்ந்துவிடும்.

சாந்துசா முதுகில் கட்டியிருந்த வண்ணத் துணியை அவிழ்த்தாள். தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில்தான் சுமந்தாளாம். குப்பியை நிமிர்த்தி வைத்துச் சுற்றி, அவன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"இந்தச் சாலையிலதான் என் பிள்ளைங்க இதுக்குள்ள தூங்கினாங்க. ஏறு தம்பி, நான் ஓட்டுறேன்."

"பிரேக் சரியில்ல," என்று முனகினான் ரூபென்.

"மெதுவாப் போறவளுக்குப் பிரேக் எதுக்கு?"

பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அவள் ஏறினாள். குழி வந்த இடத்திலெல்லாம் காலை ஊன்றி வண்டியைத் தாங்கித் தாங்கி ஓட்டினாள். அடுத்த மறியலில் அவள் விஷயத்தைச் சொன்னதும் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார். நானும் ஏழாம் மாதத்தில் பிறந்தவள்தான், இப்போது பார், ஒரு மேயரையே ஆட்டிவைக்கிறேன் என்று அவள் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தாள்.  நெமேசியோ நெஞ்சில் வைத்த கைகளை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் இனெஸ் காத்துக்கொண்டிருந்தாள். குப்பியை வெளிச்சத்தில் பார்த்தாள். நுரை அடங்கியிருந்தது. அதோடு உள்ளே ஓடினாள்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாந்துசா ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். எதிரே ஓர் இளைஞன் சுவரில் நெற்றியை முட்டி நின்றிருந்தான். ஆஸ்பத்திரி என்றால் ஆளுக்கு ஒரு கஷ்டம் என்று சாந்துசா நினைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நெஞ்சு நல்லா ஏறி இறங்குது," என்றாள் டாக்டர். "பையன் மூச்சு விடுறான்."

சுவரோரம் நின்ற இளைஞன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். நெமேசியோ அவன் தோளைத் தொட்டுவிட்டு வாசலுக்கு நடந்தான். சாந்துசா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பையனா? நீ பொண்ணுன்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா. காலையில கோச்சபம்பா ஆஸ்பத்திரியில என் பொண்ணுக்காகத்தான் இதை எடுத்தாங்க," என்றான் நெமேசியோ. "நர்ஸம்மா உள்ளங்கையில வெச்சுச் சூடாக்கிட்டே இருந்தாங்க. சூடேறதுக்குள்ள போயிட்டா."