இரட்டைப் படிப்பு

குவைத்தின் அப்பாசியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மானுக்கு மகள் ஸஹ்ரா பிசினஸ் படிக்க வேண்டும். மனைவி மெஹர்பானுவுக்கோ கம்ப்யூட்டர்தான். காலேஜுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள்வரை சண்டை ஓயவில்லை.

"ரெண்டையும் சேர்த்தே படிக்கிறேன் வாப்பா. டபுள் மேஜர்னு இருக்கு. என்ன, ரெண்டு வருஷம் கூட ஆகும்" என்றாள் ஸஹ்ரா.

"யார் மனசையும் நோகடிக்கத் தெரியாத புள்ள!" மெஹர்பானு கண்கலங்கினாள்.

கலீலுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் ஒரு சங்கடம் இருந்தது. காயல்பட்டினத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"லாத்தா, ஸஹ்ரா படிப்பு முடிஞ்சதும் நம்ம ஜைதுக்கு நிக்காஹ் பண்ணித் தர்றதா வாக்குக் குடுத்தேன்ல? இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கணும். ரெண்டு படிப்பு படிக்கிறா."

"இதைத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன் தம்பி. என் மவனும் வேலைய விட்டுட்டு நேத்து திடீர்னு பிஎச்டி சேர்ந்துட்டான். அஞ்சாறு வருஷம் ஆகுமாம். முடிக்காம நிக்காஹ் வேணாங்கிறான்."

"அவனுக்கு யாரு லாத்தா இந்த யோசனையக் குடுத்தது?"

"உன் மவதான்!"