வேப்பிலை கட்டிய வீடு

1890 ஏப்ரல் ஒன்பதாம் தேதி, கோலார் தங்கவயலின் ஒரு சுரங்கத்தில் புதிதாகத் தங்கப் பாறை தெரிந்தது.

அன்று மாலையே கூட்டாளிகள் மேளத்தோடு ஏழுமலையின் வீட்டுக்கு ஓடிவந்தார்கள்.

"வழி விடு அண்ணி! அண்ணன் போட்ட துளையிலதான் தங்கம் தெரிஞ்சுது. தோள்ல தூக்கினு போறோம்!" என்று கத்திய முனிரத்தினம், கத்திய வேகத்தில் இருமினான். ஊரெங்கும் சளிக்காய்ச்சல்.

ஏழுமலையின் மனைவி குப்பம்மாள் வாசலை விட்டு நகரவில்லை. "வேப்பிலை கட்டியிருக்கறது கண்ணுல தெரியல? மாரியாத்தா வந்திருக்கா. மேல் முழுக்க முத்து."

மேளம் நின்றது.

"முந்தாநேத்து ஷிப்டுல நல்லாத்தானே இருந்தாரு?"

"இன்னிக்குக் காலையில வந்தா."

கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லாரும் திரும்பினார்கள்.

குப்பம்மாள் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏழுமலை களி தின்றுகொண்டிருந்தான். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"ஆத்தா பேர்லயே பொய் சொல்றியே! என் விருந்தும் போச்சு" என்று சிரித்தான். சிரிப்பு நீண்ட இருமலில் முடிந்தது. சுரங்கத்துக் கல்தூசி தந்த பழைய இருமல்.

"இந்தக் காய்ச்சல் மத்தவங்களை அஞ்சு நாள்ல விட்டுடுது. உன்ன மாதிரி தூசி நெஞ்சுக்காரங்களை விடலையே. நாலு பேரைப் பொதைச்சாச்சு. வேற இன்னா சொன்னா அவங்க திரும்பிப் போவாங்க?"

அந்த மாதம் அந்தக் குடியிருப்பில் கல்தூசி இருமல்காரர்கள் இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். மே முதல் தேதி குப்பம்மாள் வாசல் வேப்பிலையை அவிழ்த்தாள்; ஏழுமலை பழையபடி இருமிக்கொண்டே ஷிப்டுக்குப் போனான்.