கடைசி நிறுத்தம்

ஞாபகம் மங்காமலிருக்க நடை, நாலு வால்நட், நாலு பேரோடு பேச்சு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடை முடிந்தது, வால்நட்டும் தின்றாயிற்று. பாக்கி பேச்சுதான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பூங்கா பெஞ்சில் ஓரமாக ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் காலை வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மூளைக்கு வேலை கொடுக்கத் தன் பழைய ரூட்டின் நிறுத்தங்களை விரல் மடக்கி முணுமுணுக்கிறார். “பால் பண்ணை, கோர்ட்டு, தண்ணி டேங்க்...” பட்டியல் கடைசி நிறுத்தத்தை எட்டும்போது, ஓடிவந்த ஒரு பெண் மூச்சு வாங்க அங்கே உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டுகிறாள். “இன்னிக்கு வெயில் சுள்ளுன்னு இருக்குல்ல, அங்கிள்?” சந்தோஷத்தில் அவர் குரல் ஓங்க, முப்பது வருஷப் பழக்கம் முந்திக்கொள்கிறது. “கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் இறங்குங்க!” அவள் விருட்டென்று எழுந்து போய்விடுகிறாள். மடக்கிய விரல்களைப் பார்க்கிறார். ஒரு நிறுத்தம்கூட விட்டுப்போகவில்லை.