சுபஸ்ரீக்குத் திமிர்

“எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலைங்க.”

காபித் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் நேராகவே சொன்னாள் சுபஸ்ரீ.

மாப்பிள்ளையின் அம்மா செவ்வந்தி வெடித்தாள்.

“வந்ததுலேர்ந்து பாக்கறேன். இவ போனை நடுமேஜையில வெப்பாளாம். நாம அதுங்கிட்ட பேசினாத்தான் இவ காது மெஷின்ல கேக்குமாம். அதுலயும் வார்த்தைக்கு வார்த்தை ‘புளூடூத் அறுந்துபோச்சு, திரும்பச் சொல்லுங்க’! காது கேக்காதவளுக்கு இம்மாந் திமிரா?”

“திமிருதாங்க. காபி குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

யாரும் குடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை அன்புச்செல்வன் தலை நிமிராமலே போய்க் காரில் ஏறினான்.

கார் திருக்கோவிலூர் ரோட்டில் திரும்பியதும் காசிநாதன் மகள்மேல் பாய்ந்தார்.

“முடியை இறக்கி மெஷினை மறைச்சிக்கோன்னேன், கேக்கல. கொண்டை போட்டுக்கினு வந்து நின்ன. சரின்னு பொறுத்தேன். சம்பந்தியைக் கூட்டிக்கினு கரும்புக் கொல்லையைக் காட்டிட்டு வர்றதுக்குள்ள உனக்கு இன்னா ஆச்சு?”

“போனை இங்கியே வெச்சிட்டுக் காபி போடப் போனேன்பா. எப்பவும் அடுப்பங்கரைக்குப் போனா லைன் அறுந்துடும். இன்னிக்குன்னு பாத்து அறுக்கல. அம்மாவும் புள்ளையும் பேசினது பூரா காதுல வுழுந்துச்சு.”

“இன்னா பேசினாங்க?”

“‘செவிடிதானே, கட்டிக்கோ. எதையும் கேக்க மாட்டா’ன்னாங்க.”

காசிநாதனுக்கு முகம் சிவந்தது.

“அத எல்லார் முன்னாலயும் போட்டு ஒடைக்கறதுக்கு இன்னா? பழி பூரா உன் தலையிலயா வுழணும்? இப்பவே அந்தாளுக்குப் போன் போடறேன். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை...”

சுபஸ்ரீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்பா. அதைச் சொன்னா மீதியும் வெளிய வந்துடும்.”

“மீதியா? இன்னாது?”

“அவரு வேற சாதிப் பொண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினாராம். ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா அவள வெட்டிப்போட்டுடுவாரும்மா’ன்னு அழுதாரு.”

காசிநாதன் கை தானாகத் தாழ்ந்தது.

“ஊரு என்னைத் திமிர் புடிச்சவள்னே பேசட்டும்பா. அந்தப் பொண்ணு உசுரோட இருக்கட்டும்.”